ஆண்ட்ராய்டா, ஐபோனா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன் மாற்றும் யோசனையில் இருப்பவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடம் இல்லை, அதனால் பலருக்கும் பயன்படும் ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். அப்பா 25,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பழைய ஐபோன் ஒன்று கிடைக்கும் என்கிறாள் தோழி. அதை வாங்கலாமா, புது ஆண்ட்ராய்டே போதுமா? (மாணவி, பாளையங்கோட்டை)

பழசு வாங்குவதில் தப்பே இல்லைம்மா. ஆனால் கடையில் கையில் வாங்கிப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: இந்த மாடல் எந்த வருடம் வந்தது? நமக்குக் கிடைக்கும் போனுக்கு வயது, நாம் வாங்கும் நாளிலிருந்து ஆரம்பிக்காது, அந்த மாடல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர் இன்னும் பழைய போன் கடைகளில் பளிச்சென்று கிடக்கிறது, பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் 2025 செப்டம்பரில் வந்த, ஐபோனின் சிஸ்டமான ஐஓஎஸ் 26 அதற்குக் கிடையாது. 2019இல் வந்த ஐபோன் 11 வரைக்கும்தான் அது வந்தது, இனி 11இன் முறையும் வரும். புதிய சிஸ்டம் நின்ற பிறகும் கொஞ்ச காலம் பாதுகாப்பு அப்டேட் தருவார்கள், அப்புறம் அதுவும் நிற்கும், பிறகு வங்கி ஆப்கள் ஒவ்வொன்றாக 'உங்கள் சிஸ்டம் பழசு' என்று சொல்ல ஆரம்பிக்கும். படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் வரைக்கும் இந்த போன் உங்களுக்கு உழைக்க வேண்டும், அதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஐபோன்தான் நிறைய வருடம் வரும், ஆண்ட்ராய்டு இரண்டு வருடத்தில் முடிந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு காலத்தில் அது உண்மை. 2023இல் பிக்சல் 8 போனுக்கு கூகுள் 7 வருட அப்டேட் அறிவித்தது, 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. இவை விலை கூடிய போன்கள், சரி. ஆனால் அதே வருடக் கடைசியில் வந்த, உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்கும் வகையைச் சேர்ந்த கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கே 6 வருடம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லா ஆண்ட்ராய்டு கம்பெனியும் அப்படி இல்லை, அதே விலையில் இரண்டு வருடத்தோடு கைகழுவுகிற மாடல்களும் உண்டு. கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் முன், பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கம்பெனியின் இணையதளத்தில் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

அப்படியும் பழைய ஐபோன்தான் வேண்டும் என்றால், ஐபோன் 13க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். ஜெனரல், அபவுட் என்று உள்ளே போனால் பேட்டரியோ டிஸ்ப்ளேவோ மாற்றப்பட்டிருக்கிறதா என்று காட்டும். *#06# அடித்தால் அந்த போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ வரும். கேஒய்எம் என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு அந்த 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் திருட்டு போனாகத் தடுக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். முக்கியமாக, விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் கண் முன்னால் வெளியேற வேண்டும். 'வீட்டுக்குப் போய் எடுத்துவிடுகிறேன்' என்றால் வாங்காதீர்கள், அவர் கணக்கு இருக்கும் வரை போன் அவர் பூட்டிலேயே இருக்கும், அதை உங்களாலோ கடைக்காரராலோ திறக்க முடியாது.

கேள்வி: கடைக்கு ஒரு சிம், வீட்டுக்கு ஒரு சிம் வைத்திருக்கிறேன். மெமரி கார்டும் உண்டு. ஐபோனுக்கு மாறினால் இதெல்லாம் சரிவருமா? (மளிகைக் கடைக்காரர், மதுரை)

மெமரி கார்டு எந்த ஐபோனிலும் கிடையாது, அதை மறந்துவிடுங்கள். இங்கே விற்கும் ஐபோன்களில் பொதுவாக ஒரு சிம் மட்டும் கையால் போடலாம், இரண்டாவதை இ-சிம்மாக (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றுவது சுலபம்தான். ஆனால் அவசரத்துக்கு சிம்மைக் கழற்றிப் பையனின் போனில் போடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இ-சிம்மில் அது நடக்காது. உங்களுக்கு ஆண்ட்ராய்டே வசதி.

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஃபைலைத் திறக்கப் போனார், நல்லவேளை பக்கத்தில் இருந்தேன். ஐபோன் வாங்கிக் கொடுத்துவிட்டால் இந்தப் பயம் இருக்காதுதானே? (வாசகர், ஓசூர்)

பாதிப் பயம் போகும். எந்தப் பாதி என்பதைப் புரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

அப்பாவுக்கு வந்தது ஏபிகே ஃபைல். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் ஆப்களைப் போட்டுக்கொள்ளலாம், அதற்கான பொட்டலம்தான் ஏபிகே. அபராத ரசீது, கல்யாணப் பத்திரிகை, வங்கி கேஒய்சி என்று பெயரை மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். தட்டினால் ஓர் ஆப் உட்காரும், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், அதையும் கொடுத்துவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி நேராகத் திருடன் கைக்குப் போய்விடும். ஐபோனில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. இங்கே ஆப் ஸ்டோர் வழியாக வராத ஆப்பை வாட்ஸ்அப் ஃபைலைத் தட்டி ஏற்ற முடியாது, எஸ்எம்எஸ் பெட்டியை முழுக்கப் படிக்கும் அனுமதியும் வெளி ஆப்களுக்குக் கிடையாது.

ஆனால் இதற்காக மட்டும் அறுபதாயிரம் செலவு செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம். அப்பாவின் இப்போதைய போனிலேயே செட்டிங்ஸ் போய், ஆப்ஸ், அதற்குள் ஸ்பெஷல் ஆக்சஸ், அதற்குள் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்று பாருங்கள் (போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும், தேடும் பெட்டியில் 'அன்னோன்' என்று அடித்தாலே வந்துவிடும்). அங்கே வாட்ஸ்அப், டெலிகிராம், குரோம், ஃபைல்ஸ் எல்லாவற்றுக்கும் அனுமதி அணைந்திருக்க வேண்டும். பிளே ஸ்டோரில், கெட்ட ஆப்களைத் தேடிப் பிடிக்கும் பிளே புரொடெக்ட் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மீதிப் பாதிக்கு எந்த சிஸ்டமும் மருந்து இல்லை. போலீஸ் என்று வீடியோ கால் செய்து மிரட்டுபவன், ஸ்கிரீனைப் பகிரச் சொல்பவன், ஓடிபியைக் கேட்பவன், இவர்களெல்லாம் ஐபோன்காரரையும் அதே மாதிரி அழைக்கிறார்கள். பணம் போனால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி போன் வைக்கும் இடத்தில் ஒட்டுங்கள். இன்னொன்றும் யோசியுங்கள். வீட்டில் நீங்கள், உங்கள் மனைவி, அம்மா எல்லோரும் ஆண்ட்ராய்டு என்றால், அப்பாவுக்குச் சந்தேகம் வரும்போது சொல்லித்தர உங்கள் விரலுக்கே வழி தெரியும். புது ஐபோனைக் கையில் கொடுத்துவிட்டு 'எனக்கும் தெரியலைப்பா' என்று சொல்ல நேர்ந்தால், அவர் வெளி ஆளிடம் கேட்கப் போவார், அதில்தான் ஆபத்து.

கேள்வி: ஏன் இரண்டே இரண்டு? நோக்கியா, பிளாக்பெர்ரி, விண்டோஸ் எல்லாம் எங்கே போயின? நம் ஊர் பார்ஓஎஸ் என்ன ஆனது? (வாசகர், திருச்சி)

நல்ல போன்கள் தோற்ற கதை இது, எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தபோது, சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போனார்கள். அடுத்த வருடம் ஐபோன் வந்தது, 2008இல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. 2011இல் நோக்கியா தன் சிஸ்டமான சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனோடு கைகோத்தது. 2014இல் நோக்கியாவின் போன் வியாபாரமே மைக்ரோசாஃப்டுக்குப் போனது, ஸ்ரீபெரும்புதூர் ஆலை வரி வழக்கில் மாட்டிக்கொண்டதால் அந்த விற்பனையில் சேராமல் நவம்பரில் மூடப்பட்டது. இன்று அதே வட்டாரத்தில் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது.

விண்டோஸ் போன் வேகமானது, பார்க்கவும் அழகு. அதைக் கொன்றது ஆப் பஞ்சம். ஆள் குறைவு என்று ஆப் செய்பவர் வரமாட்டார், ஆப் இல்லை என்று வாங்குபவர் வரமாட்டார். 2019 டிசம்பர் 31ஆம் தேதியோடு விண்டோஸ் போனில் வாட்ஸ்அப்பும் நின்றது, நம் ஊரில் வாட்ஸ்அப் இல்லாத போனை என்ன செய்வது? பிளாக்பெர்ரியின் பழைய சிஸ்டங்களுக்கான சேவை 2022 ஜனவரி 4இல் முடிந்தது.

பார்ஓஎஸ், சென்னை ஐஐடியில் வளர்த்தெடுக்கப்பட்ட ஒரு சிறு நிறுவனம் உருவாக்கியது, 2023 ஜனவரியில் அறிமுகமானது. அதற்கும் அடித்தளம் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரல்தான், கூகுளின் ஆப்கள் இல்லாமல் வருவதுதான் வித்தியாசம். ரகசியம் காக்க வேண்டிய அலுவலகங்களை மனதில் வைத்துச் செய்தது, கடையில் போய் வாங்கும் பொருளாக அது அறிமுகமாகவில்லை. அதே மூலநிரலில் செய்த லினியேஜ்ஓஎஸ் போன்ற சிஸ்டங்களை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். போடலாம், பழைய போனுக்கு உயிர் கொடுக்க அருமையான வழி. ஆனால் பல வங்கி ஆப்கள் அதில் திறக்க மறுக்கும் என்பதால் ஒரே போன் வைத்திருப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: தமிழில் எழுத எது வசதி? (ஆசிரியை, சேலம்)

பத்து வருடத்துக்கு முன்னால் என்றால் நீண்ட பதில் எழுதியிருப்பேன். இப்போது தமிழ்99 விசைப்பலகை, ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறை இரண்டுமே இரண்டிலும் கிடைக்கின்றன. செல்லினம் ஆப்பும் இரண்டுக்கும் உண்டு. மெனுக்களையே தமிழில் வைத்துக்கொள்ள ஆண்ட்ராய்டில் பல வருடங்களாக முடியும், ஐபோனில் 2025இல் வந்த ஐஓஎஸ் 18.4இல்தான் அது வந்தது. பேசி எழுத வைப்பவர் என்றால் மட்டும் ஒரு வேலை செய்யுங்கள்: கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போனை எடுத்து, வகுப்பில் பேசுவது போலவே இரண்டு வரி பேசிப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல், பெற்றோர் கூட்டம் என்று உங்கள் சொற்களையே சொல்லுங்கள். எது சரியாக எழுதுகிறதோ அதுவே உங்கள் போன்.

கேள்வி: மகன் துபாயிலிருந்து ஐபோன் வாங்கி அனுப்பியிருக்கிறான், பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. என் பழைய சாம்சங் போனில் என் கணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் இருக்கின்றன. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. மாற்றினால் அவை போய்விடுமா? (வாசகி, கும்பகோணம்)

போகாதும்மா. வரிசை தவறாமல் செய்தால் ஒன்றுகூடப் போகாது. பெட்டியைப் பிரிக்காமல் எனக்கு எழுதினீர்களே, அது ரொம்ப நல்லது.

ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 'எல்லாம் கூகுளில் பேக்கப் ஆகியிருக்கிறது, புது போனில் தானாக வந்துவிடும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டிலிருந்து கூகுளில் ஏறிய வாட்ஸ்அப் பேக்கப்பை ஐபோனில் இறக்க முடியாது. பலருடைய பழைய உரையாடல்கள் இந்த நம்பிக்கையில்தான் போயின.

அதனால் மாற்றும் வேலைக்கு முன்னாலேயே குரல்களைத் தனியாக எடுத்து வையுங்கள். உங்கள் கணவரின் உரையாடலைத் திறந்து, மேலே மூன்று புள்ளி, அதில் 'மோர்', அதற்குள் 'எக்ஸ்போர்ட் சாட்', மீடியாவோடு என்று தேர்ந்தெடுத்து கூகுள் டிரைவில் சேமியுங்கள். உரையாடல் ரொம்ப நீளமாக இருந்தால் பழையவை விட்டுப்போகலாம், எனவே இதோடு நிறுத்த வேண்டாம். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாரையாவது வீட்டுக்கு அழைத்து, போனைக் கேபிளில் இணைத்து, 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்ற ஃபோல்டரை அப்படியே நகலெடுக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு, மீடியா என்று உள்ளே போனால் கிடைக்கும். ஒவ்வொரு குரலும் ஒரு தனி ஃபைல், பெயரிலேயே தேதி இருக்கும். யார் அனுப்பியது என்று இருக்காது, எல்லோருடையதும் கலந்தே கிடக்கும். பரவாயில்லை, முழுசாக எடுத்துவிடுங்கள், ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள். விஎல்சி என்ற இலவச பிளேயரில் எல்லாம் பாடும்.

இனி மாற்றலாம். பழைய போனில் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப்பைப் போடுங்கள், வாட்ஸ்அப்பை அப்டேட் செய்யுங்கள். ஐபோனை முதன்முறை ஆன் செய்து கேள்விகள் கேட்டுக்கொண்டு வரும்போதே 'ஆண்ட்ராய்டிலிருந்து' என்ற வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் ஐபோனை அழித்து மறுபடி ஆரம்பிக்க நேரிடும். ஐபோன் காட்டும் எண்ணைப் பழைய போனில் அடித்து, பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தொட வேண்டும். இரண்டு போனும் ஒரே வைஃபையில், இரண்டும் சார்ஜரில். ஐபோனில் வாட்ஸ்அப்பைத் திறக்கும்போது அதே பழைய எண்ணையே கொடுக்க வேண்டும்.

என் அத்தைக்கு இதைச் செய்து கொடுத்தபோது இரண்டு போனையும் தையல் மிஷின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தோம். இரண்டு மணி நேரத்துக்குக் கிட்ட ஆனது. பாதியில் கோடு நகராமல் நின்ற மாதிரி இருந்தது, அத்தை போனைத் தொடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. நீங்களும் அவசரப்பட்டு இடையில் நிறுத்தாதீர்கள்.

முடிந்த பிறகும் பழைய போனை அழிக்க வேண்டாம், எக்ஸ்சேஞ்சுக்கும் கொடுக்க வேண்டாம். நீங்களாக அழிக்கும் வரை அதில் எல்லாம் அப்படியேதான் இருக்கும். புது போனில் அவருடைய உரையாடலைத் திறந்து, மேலே மேலே தள்ளிக்கொண்டே போய், இருப்பதிலேயே பழைய குரலைத் தட்டிக் கேளுங்கள். அது கேட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று பொருள். கேட்காவிட்டால் எதையும் தொடாமல் எனக்கு மறுபடி எழுதுங்கள், மகன் லீவுக்கு வரும் வரைக்கும் ஐபோன் பெட்டியிலேயே இருந்தால்கூட ஒன்றும் கெட்டுப்போகாது.