கேட்டுக்கு வெளிய ஒரு விலை, உள்ள ஒரு விலை

லீவு விட்டாச்சு, இந்த வாரம் வந்த கேள்வியில முக்காவாசி பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போனது, அதுல காசு போனது பத்திதான். ரெண்டு பக்கம் எழுதினவங்க கோச்சுக்காதீங்க, வெட்டித்தான் போட்டிருக்கேன்.

கே: அண்ணா, மிருகக்காட்சி சாலைக்கு வருஷ பாஸ் எடுங்க, மூணு தடவ வந்தா போட்ட காசு கைக்கு வந்துடும்னு கவுன்ட்டர்ல சொல்றாங்க. எடுக்கலாமா?

ப: மூணு தடவ போவீங்களா? போன வருஷம் எத்தன தடவ போனீங்கன்னு போன்ல போட்டோ தேதி பார்த்து எண்ணுங்க, அந்த நம்பர வச்சு கணக்கு போடுங்க, "இனிமே அடிக்கடி போவோம்"ங்கிறத வச்சு போடாதீங்க. நான் அப்படிப் போட்டுத்தான் ஒரு வாட்டர் பார்க்குக்கு குடும்பத்தோட பாஸ் எடுத்தேன், வீட்டுக்கு வந்து பின்பக்கம் பொடி எழுத்த படிச்சா சனி ஞாயிறும் ஸ்கூல் லீவு நாளும் செல்லாதாம், ஸ்கூலுக்குப் போற பையன வச்சுக்கிட்டு செவ்வாய்க்கிழமையா போக முடியும்? ஒரே தடவ போனோம். பாஸ் இன்னும் டிராயர்ல கிடக்கு, அதுல ஒட்டின போட்டோவுல நான் மட்டும் சிரிச்சுட்டு இருக்கேன்.

எந்தெந்த நாள் செல்லாது, பார்க்கிங் சேர்த்தியா, வருஷ முடிவுல தானா காசு எடுத்துக்குவாங்களான்னு கேளுங்க. சில இடத்துல இன்னிக்கு வாங்கின டிக்கெட் காச பாஸ்ல கழிச்சுக்குவாங்க, அப்படின்னா முதல்ல டிக்கெட் எடுத்து உள்ள போங்க, பிள்ளைக்கு பிடிச்சுதான்னு பார்த்துட்டு வெளிய வரும்போது முடிவு பண்ணலாம்.

கே: பிள்ளைய வீட்ல அளந்தா சின்னவங்க டிக்கெட் உயரம்தான். கேட்ல ஷூவோட நிக்க வச்சு அளந்து பெரியவங்க டிக்கெட் வாங்க வச்சுட்டாங்க.

ப: ஷூவ கழட்டிட்டு அளங்கன்னு சொல்லுங்க, பின்னாடி க்யூ முணுமுணுத்தா முணுமுணுக்கட்டும். இன்னொண்ணு, மனுஷன் காலையில கொஞ்சம் உயரம், முதுகெலும்பு நடுவுல இருக்கிற தட்டெல்லாம் நாள் பூரா அமுங்கி சாயங்காலத்துக்குள்ள கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் குறைஞ்சுடுவான், பிள்ளைங்களும்தான். மயிரிழையில நிக்கிற பிள்ளைய மதியத்துக்கு மேல கூட்டிட்டுப் போங்க.

கே: தானா விரியற டென்ட் வாங்கினேன், பார்க்ல நிழலுக்கு. திரும்ப மடிக்கத் தெரியல.

ப: மரத்தடி இருந்துச்சே.

கே: ஆன்லைன்ல நாலு டிக்கெட் போட்டேன். கடைசி பக்கத்துல பார்த்தா முதல்ல காட்டினத விட நிறைய கூடியிருந்துச்சு, பசங்க குதிச்சுட்டு இருந்ததால கட்டிட்டேன். இது சரியா சார்?

ப: சரியில்ல. கொஞ்சம் நீளமா பேசப் போறேன், எனக்கு ரொம்ப நாள் எரிச்சல் இது. முதல் பக்கத்துல ஒரு விலைய காட்டி இழுக்கிறது, பேரு வயசு நேரம்னு எல்லாத்தையும் டைப் பண்ண வைக்கிறது, பிள்ளைங்க தோள்ல தொங்கிக்கிட்டு "போட்டாச்சாப்பா"ன்னு கேக்கிற நேரமா பார்த்து கடைசி பக்கத்துல ஒண்ணொண்ணா ஏத்துறது. டிக்கெட்டுக்கு இன்சூரன்ஸ், நாம கேக்காத போட்டோ, நன்கொடை, அதுக்கு மேல வசதிக் கட்டணம். யாரு வசதிக்குங்க? டைப் பண்ணது நாம, கவுன்ட்டர்ல ஆள் சம்பளம் மிச்சமானது அவங்களுக்கு. அதுவும் பல இடத்துல ஒரு பில்லுக்கு இவ்வளவுன்னு இல்ல, தலைக்கு இவ்வளவு, அமுக்குறது ஒரே பட்டன்தான், ஆனா நாலு பேருன்னா நாலு மடங்கு.

இதுக்கெல்லாம் சேர்த்து டார்க் பேட்டர்ன்னு 2010ல பேரு வச்சது ஹாரி பிரிக்னல்னு ஒரு டிசைனர். ஐரோப்பிய ஒன்றியத்துல 2011ல வந்த நுகர்வோர் உரிமை விதிப்படி, முன்னாடியே டிக் அடிச்சு வச்ச பெட்டியால கூடுதலா காசு வாங்கியிருந்தா திருப்பிக் கேக்கலாம். இந்தியாவுல 2023 நவம்பர்ல வந்த வழிகாட்டுதல்ல இந்த மாதிரி 13 வகைய பேர் சொல்லித் தடுத்திருக்காங்க, தெரியாம கூடையில சேர்க்கிறது, கடைசியில விலைய ஏத்துறது, "வேண்டாம், என் குடும்பத்துக்கு பாதுகாப்பு தேவையில்ல"ங்கிற மாதிரி பட்டன் வச்சு கூச வைக்கிறது எல்லாம் அதுல வருது. சட்டமும் இருக்கு, டிக்கும் இருக்கு. அதனால முதல் பக்கத்தையும் கடைசி பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க, நீங்க போடாத டிக்க எல்லாம் எடுங்க, கேட்ல நேர்ல வாங்கினா என்ன விலைன்னு ஒரு போன் போட்டு கேளுங்க. அப்புறம், பசங்க தூங்கின பிறகு புக் பண்ணுங்க.

கே: பாதி விலையில டிக்கெட்னு விளம்பரம் வந்துச்சு, லிங்க்ல போய் கட்டினேன். கேட்ல ஸ்கேன் பண்ணா போலின்னுட்டாங்க. பிள்ளைங்க அழுதுட்டே திரும்பி வந்தாங்க. என் வீட்டுக்காரர் என்னைத்தான் திட்டறார்.

ப: அம்மா, முதல்ல உங்க வீட்டுக்காரர் இத படிக்கட்டும்: ஏமாத்தினவன்தான் தப்பு பண்ணவன். அந்தப் பக்கமெல்லாம் நிஜ சைட் மாதிரியே லோகோ கலரோட செஞ்சு வைப்பாங்க, அவசரத்துல யாருக்குத் தெரியும். இன்னிக்கே பேங்க்குக்கு சொல்லுங்க, கார்டுல கட்டியிருந்தா அந்தப் பணத்த மறுத்து புகார் குடுக்க வழி இருக்கு, ஆனா அதுக்கு கெடு உண்டு. சைபர் போலீஸ்லயும் புகார் குடுங்க, விளம்பரம், லிங்க், பணம் போன மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. அடுத்து ஒருத்தன் போன் பண்ணுவான், "உங்க பணத்த மீட்டுத் தரேன், சின்ன கட்டணம்"னு, அவனும் அதே கூட்டம்தான், கட் பண்ணுங்க. மனசு விடாதீங்க. பசங்க ஒரு வாரத்துல மறந்துடுவாங்க, வீட்டுக்காரருக்குத்தான் கொஞ்சம் டைம் ஆகும்.

கே: ரெண்டு பசங்களையும் வச்சு இழுத்துட்டுப் போற பெரிய வண்டி வாங்கினேன். லிஃப்ட்ல நுழையல, பஸ்ல ஏத்த விடல. ரிட்டர்ன் தேதியும் தாண்டிடுச்சு. என்ன பண்ணலாம்?

ப: அகலம் எத்தனன்னு அதே பக்கத்துல போட்டிருந்தாங்கல்ல? லிஃப்ட் கதவு உங்க வீட்லதானே இருக்கு? டேப்ப எடுத்து அளக்க ஒரு நிமிஷம். வித்துடுங்க, விளம்பரத்துல அகலத்த மறக்காம போடுங்க.

கே: நீச்சல் குளத்துக்கு காத்தடிச்ச கை வளையம் வாங்கினேன், பேபி சேஃப்னு போட்டிருந்துச்சு. அத மாட்டிவிட்டா நாங்க கரையில உக்காரலாமா?

ப: உக்காரக் கூடாது. அது விளையாட்டு சாமான், உயிர் காக்கிற சாமான் இல்ல, பாக்கெட்லயே ஒரு மூலையில பொடியா அப்படித்தான் எழுதியிருக்கும். காத்து இறங்கும், கையிலருந்து வழுக்கும், தண்ணிக்குள்ள போற பிள்ளை பெரும்பாலும் கத்தாது, சத்தம் கேட்டு ஓடலாம்னு நினைக்காதீங்க. கை நீட்டினா தொடுற தூரத்துல நீங்களும் தண்ணியில நில்லுங்க. போன் கரையில இருக்கட்டும்.

கே: கேட்டுக்குப் பக்கத்துல விக்கிற கலர் கண்ணாடி வெயிலுக்கு போதுமா?

ப: யூவி400னு, அதாவது வெயில்ல வர்ற புற ஊதாக் கதிர தடுக்கும்னு போட்டிருந்தா, போட்டிருக்கிறது நம்பற மாதிரி இருந்தா போதும், விலை கம்மியா இருந்தாலும் சரி. கறுப்பா மட்டும் இருந்து அந்தத் தடுப்பு இல்லன்னா கண்ணு பாப்பா விரிஞ்சு அந்தக் கதிர கூடுதலா உள்ள வாங்கும், அதுக்கு தொப்பியே மேல்.

கே: பறவை பார்க்க பையனுக்கு பைனாகுலர். 30 மடங்குன்னு போட்டு சல்லிசா கிடைக்குது.

ப: வாங்காதீங்க, நான் வாங்கிட்டேன். 30 மடங்கு பெருசா காட்டினா கை நடுக்கத்தையும் 30 மடங்கு காட்டும், கொக்கு நிக்கிற இடத்துல வெள்ளையா ஏதோ ஆடும், அவ்வளவுதான். பிள்ளைங்க கைக்கு 6, மிஞ்சிப்போனா 8 போதும். 8x21ன்னா எட்டு மடங்கு, முன்னாடி கண்ணாடி 21 மில்லிமீட்டர்னு அர்த்தம், அந்த ரெண்டாவது நம்பர் பெருசானா வெளிச்சம் கூட வரும், கனமும் கூடும். என்னோடத இப்ப என் பையன் தலைகீழா பிடிச்சு, கண்ணு வைக்கிற பக்கத்த தரைகிட்ட கொண்டுபோய் எறும்பு பார்க்கிறான், அதுல நல்லா பெருசா தெரியுதாம்.