பழைய காரின் சஸ்பென்ஷன்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னுடைய 2011 மாடல் ஸ்விஃப்ட் 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சஸ்பென்ஷன் (சக்கரங்களை வண்டியோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் பாகங்கள்) முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வண்டி விலை போகிற தொகையைப் பார்த்தால் அவ்வளவு செலவு செய்யலாமா என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: விற்பனை விலையோடு இந்தச் செலவை ஒப்பிட வேண்டாம், இன்னும் எத்தனை ஆண்டுகள் ஓட்டப் போகிறீர்கள் என்பதே கணக்கு. அதற்கும் முன்பு, வண்டியை லிஃப்டில் ஏற்றி, எந்தப் பாகம் எப்படிக் கெட்டிருக்கிறது என்று நேரில் காட்டச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மில் உள்ள பந்து போன்ற இணைப்பான பால் ஜாயின்ட்டிலோ, ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராட் எண்டிலோ ஆட்டம் இருந்தால், வண்டிக்கு எத்தனை வயதானாலும் உடனே மாற்றியாக வேண்டும். பால் ஜாயின்ட் ஓட்டத்தில் கழன்றால் சக்கரம் மடங்கி, வண்டி உங்கள் கையில் இருக்காது. லிங்க் ராட் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) தேய்ந்தால் சிறு குழிகளில் 'டக் டக்' என்று சத்தம் வரும். அதை அடுத்த சர்வீஸ் வரை தள்ளிப்போடலாம்.

கேள்வி: அந்த ஆட்டத்தை நாங்களே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மீது நிறுத்திய பிறகே கை வையுங்கள். சக்கரத்தின் இடப்புறத்தையும் வலப்புறத்தையும் பிடித்து ஆட்டும்போது தளர்வு தெரிந்தால், பெரும்பாலும் டை ராட் எண்டோ, அதன் உட்பக்க இணைப்பான ரேக் எண்டோ காரணமாக இருக்கும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால், உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்கையும், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்டையும் சந்தேகிக்க வேண்டும். தளர்வு தெரியவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஸ்ப்ரிங் அழுத்தத்தில் மறைந்திருக்கும் தேய்மானத்தை, மெக்கானிக் கடப்பாரை போன்ற நெம்புகோலை வைத்து நெம்பிப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: ஒரு பக்க முன் ஷாக் அப்சார்பரில் மட்டும் எண்ணெய்க் கசிவு. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: போதாது. முன்பக்கம் என்றால் முன் இரண்டையும், பின்பக்கம் என்றால் பின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் அவசர பிரேக்கிலும் வளைவிலும் இரு பக்கமும் ஒரேபோல் நடந்துகொள்ளாது. ஆனால் ஷாக்கின் வெளிப்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் அதில் ஒட்டிய தூசியும் மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டியதில்லை. ஈரமாக வழிந்திருந்தாலோ, டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தாலோ ஷாக் போய்விட்டது என்று கொள்ளலாம்.

கேள்வி: பழைய ஷாக்கில் எண்ணெய் நிரப்பி ரீகண்டிஷன் செய்து தருகிறார்களே?

பதில்: வேண்டாம். துளையிட்டு மீண்டும் வெல்டு வைத்த ஷாக்கை நம்பி நெடுஞ்சாலையில் போவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: போன ஆண்டுதான் லோயர் ஆர்ம் புஷ்களை (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளைகளை) மாற்றினேன். அதற்குள் ரப்பர் கிழிந்துவிட்டது. மட்டமான சரக்கா?

பதில்: போலிப் பாகமாக இருக்கலாம், ஆனால் பொருத்திய விதத்தையும் விசாரியுங்கள். வண்டி லிஃப்டில் இருக்கும்போது சக்கரங்கள் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே புஷ்ஷின் போல்ட்டை முழுவதும் முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே எப்போதும் நின்று, சீக்கிரம் கிழியும். சக்கரங்கள் வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும் நிலையில்தான் கடைசி முறுக்கைப் போட வேண்டும். நல்ல புஷ்ஷையும் கெடுத்துவிடுகிற இந்த அவசரம் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. இந்த முறை வேலையை ஒப்படைக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

கேள்வி: அடுத்த ஆண்டு 15 ஆண்டுப் பதிவு முடிகிறது. புதுப்பிப்பதா, விற்பதா என்று முடிவு செய்யவில்லை. இப்போது செலவு செய்யலாமா?

பதில்: முதலில் பாடியின் அடிப்பகுதியையும் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்த தூண்) பொருந்தும் இடத்தையும் பாருங்கள். அங்கே துரு அரித்திருந்தால் புதிய ஷாக் வாங்குவது வீண். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் ஆகியவற்றை மட்டும் சரிசெய்து, விற்கும் வரை ஓட்டுங்கள். இரும்பு உறுதியாக இருந்து, பதிவை இன்னும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கும் எண்ணமும் இருந்தால், ஷாக், அதைப் பாடியோடு இணைக்கும் மவுண்ட், புஷ் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றும் கூலி ஒருமுறையோடு முடியும்.