நான்கு சக்கர இயக்கக் காருக்கு அலாய் வீல்: அளவும் ஆஃப்செட்டும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்தவற்றில் மூன்று கடிதங்கள், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் கார்களின் சக்கரங்களைப் பற்றியவை. மூன்றும் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருப்பதால் ஒன்றாகவே வெளியிடுகிறோம்.

கேள்வி: என்னிடம் 2015ஆம் ஆண்டின் ரெனோ டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. கார் இருக்கிறது. டயர் 215/65 ஆர்16. சக்கரத்தின் உட்புறத்தில் 6.5ஜே, ஈ.டி.50 என்று இருக்கிறது. 18 அங்குல, 8ஜே, ஈ.டி.35 அலாய் வீலும் 225/50 டயரும் போடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். என் வீட்டுக்கு வரும் கடைசி அரைக் கிலோமீட்டர் தென்னந்தோப்புக்குள் மணல்பாதை. வாங்கலாமா?
— வாசகர், உச்சிப்புளி

பதில்: வாங்க வேண்டாம். கடைக்காரர் விட்டத்தை மட்டும் பார்த்திருக்கிறார். அதில் அவர் கணக்கு சரிதான். உங்கள் பழைய டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 686 மி.மீ., அவர் சொல்லும் டயருடையது 682 மி.மீ. என்பதால், வேகமானி கூடப் பெரிதாக மாறாது. சிக்கல் இருப்பது அகலத்திலும் (ஜே என்ற எழுத்துக்கு முன் அங்குலத்தில் இருப்பது) ஆஃப்செட்டிலும் (ஈ.டி. என்று குறிப்பது).

சக்கரத்தின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு வரைந்தால், அந்தக் கோட்டுக்கும், சக்கரத்தை மாட்டும் சுழல் தலையான ஹப்பின்மேல் சக்கரம் அமரும் முகத்துக்கும் இடையே உள்ள தூரமே ஆஃப்செட். உங்கள் காரில் அது 50 மி.மீ. இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே நகரும். அகலம் 6.5 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகும்போது இருபுறமும் 19 மி.மீ. கூடுகிறது, ஆஃப்செட் 15 மி.மீ. குறைவதால் வெளி விளிம்பு மொத்தம் 34 மி.மீ. வெளியே வந்துவிடும், உள் விளிம்போ 4 மி.மீ. உள்ளே போகும். உள்ளே போகும் 4 மி.மீ. பெரும்பாலும் தொல்லை தராது. வெளியே வரும் 34 மி.மீ. மூன்று விதத்தில் தொல்லை தரும். வண்டியின் எடை பேரிங்கின் நடுவிலிருந்து விலகி விழுவதால் பேரிங் விரைவில் தேயும். ஒரு பக்கச் சக்கரம் மணலிலும் மறுபக்கச் சக்கரம் தாரிலும் இருக்கும் நிலையில் பிரேக் பிடித்தால், ஸ்டியரிங் கையை இழுக்கும் விசை மாறும். டயர், மட்கார்டின் நிழலை விட்டு வெளியே வந்து, மணலையும் உப்புநீரையும் கதவின் அடிப்பகுதியில் வாரி இறைக்கும். நம் கரையில் தகடு துருப்பிடிக்க அதைவிட வேறொன்றும் தேவையில்லை.

அதைவிட முக்கியமானது டயரின் பக்கச்சுவர். டயர் அளவில் முதல் எண் மி.மீ.யில் அகலம், இரண்டாவது எண் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. இப்போது உங்கள் டயரில் தரைக்கும் ரிம்முக்கும் இடையே சுமார் 140 மி.மீ. ரப்பர் இருக்கிறது, 225/50 டயரில் அது 112 மி.மீ. ஆகிவிடும். மணலில் மிதந்து செல்லக் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை குறைக்க வேண்டியிருக்கும். பக்கச்சுவர் உயரமாக இருந்தால்தான் டயர் தட்டையாகி நீளமாகத் தரையைப் பற்றும். குட்டையான டயரில் காற்றைக் குறைத்தால், முதல் வேரிலோ கல்லிலோ ரிம் அடிவாங்கும். பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போதும் இந்த வேறுபாட்டை உங்கள் முதுகு சொல்லும். நான்கு சக்கர இயக்கத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதற்குப் பயன்தரும் டயரைக் கழற்றிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அழகுக்காக மாற்றியே தீர வேண்டும் என்றால், 16 அங்குலத்திலேயே 7ஜே, ஈ.டி.45 என்ற அளவைத் தேடுங்கள். வெளி விளிம்பு 11 மி.மீ. மட்டுமே வெளியே வரும், உங்கள் பழைய டயர்களும் பயன்படும். 17 அங்குலத்துக்குப் போனால் 215/60 ஆர்17 விட்டத்தில் பொருந்தும். ஆனால் அது பெரும்பாலும் 96 என்ற சுமைக் குறியீட்டில், அதாவது டயருக்கு 710 கிலோ தாங்கும் திறனில் கிடைக்கிறது. 215/65 ஆர்16 டயரின் வழக்கமான குறியீடு 98, அதாவது 750 கிலோ. பழைய டயரில் உள்ள எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது. 99 குறியீட்டில் வரும் 235/55 ஆர்17 அந்தக் குறையைத் தீர்க்கும். அதன் உப்பிய பக்கம் உள்ளே ஷாக் அப்சார்பரை உரசாமல், ஸ்டியரிங்கை முழுதும் திருப்பியும் இடைவெளி இருக்கிறதா என்று ஒரு சக்கரத்தை மாட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஸ்பேசர் என்னும் தகடு போட்டுச் சரிசெய்யலாம் என்றால் ஏற்காதீர்கள். மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கும் அதே கார்தான். முன்னிரு டயர்கள் தேய்ந்துவிட்டன. பின்னிரண்டும் பாதி தேய்ந்திருக்கின்றன. இரண்டை மட்டும் புதிதாக, சற்றே அகலமான சக்கரத்தோடு மாற்றலாமா?
— வாசகர், கீழக்கரை

பதில்: முன்சக்கர இயக்கக் காராக இருந்தால் இவ்வளவு தயங்கமாட்டேன். உங்கள் காரில் பின்சக்கரங்களுக்கு விசையை அனுப்புவது மின்காந்தத்தால் இறுகும் கிளட்ச். முன்னும் பின்னும் சுழலும் வேகம் வேறுபட்டால், சக்கரம் வழுக்குகிறது என்று கருதி அது இறுகத் தொடங்கும். புதிய டயரில் ஏறத்தாழ 8 மி.மீ. பள்ளம் இருக்கும், பாதி தேய்ந்ததில் 4 மி.மீ. அந்த 4 மி.மீ. வேறுபாட்டால் விட்டம் 8 மி.மீ., சுற்றளவு 25 மி.மீ. மாறும். கிலோமீட்டருக்குச் சுமார் ஐந்து சுற்று பின்சக்கரம் கூடுதலாகச் சுழல வேண்டியிருப்பதால், மதுரை வரை நேர்ச்சாலையில் போனாலும் கிளட்ச் ஓய்வின்றித் தேய்ந்து சூடேறிக்கொண்டே இருக்கும். கிளட்ச் பழுதானால் ஆகும் செலவு, இரண்டு டயர்களின் விலையைவிடப் பல மடங்கு.

ஆகவே நான்கையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையில், ஒரே அளவில் மாற்றுங்கள். நான்கு சக்கரங்களின் அகலமும் ஆஃப்செட்டும் ஒன்றாகவே இருக்கட்டும். பிறகு 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் இடம் மாற்றி வந்தால் தேய்மானம் சமமாக இருக்கும். கிளட்சை இறுக்கிப் பின்சக்கரங்களுக்கும் தொடர்ந்து விசை அனுப்பும் லாக் நிலையை மணலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை வந்துவிட்டதால், அங்கே போவதற்கு அது தேவையே இல்லை.

கேள்வி: வெளியில் வாங்கிய பளபளப்பான அலாய் வீல்களில் ஓராண்டுக்குள் வெள்ளைப் பொடி பூக்கிறது, பஞ்சர் இல்லாமலே காற்று இறங்குகிறது. என்ன செய்வது?
— வாசகர், தொண்டி

பதில்: முகத்தைக் கடைந்து மினுக்கிய சக்கரங்களில் மேல்பூச்சு மெல்லியது, சிறு கீறல் விழுந்தாலும் உப்பு அதன் அடியில் புகுந்து அலுமினியத்தை அரிக்கும். அந்த அரிப்பு டயர் விளிம்பு அமரும் இடத்துக்குப் பரவியதால்தான் காற்று கசிகிறது. டயரைக் கழற்றி அந்த இடத்தைச் சுத்தம் செய்து, சீலர் பூசி மாட்டச் சொல்லுங்கள்; குழி ஆழமாக இருந்தால் அந்தச் சக்கரத்தை விட்டுவிடுவதே நல்லது. அடுத்த முறை முழுதும் பவுடர் கோட்டிங் செய்தவற்றை வாங்குங்கள். உவர்ப்பான போர் தண்ணீரில் கழுவினால் உப்பின்மேல் உப்புதான் சேரும். ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும், ஆனால் சக்கரத்தின் உட்புறத்துக்கும் அதில் பங்கு வேண்டும். ஹப்பின் நடுத்துளையை நிரப்பும் வளையம் அலுமினியமாக இருந்தால் நம் காற்றில் எஃகு ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் வளையமாகக் கேட்டு வாங்கி, மாட்டிய பின் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் திருகி) மறுபடி சோதித்துவிடுங்கள்.