சோடா வாங்கும்போது: கேள்வி-பதில்

மளிகைக் கடையில் ஆப்ப சோடா கேட்டேன். பெயர் எதுவும் ஒட்டாத பொட்டலம் தந்தார்கள். ஆப்பம் சோப்பு மாதிரி இருந்தது, நாக்கும் எரிந்தது.

உங்கள் மேல் தவறே இல்லை அம்மா. சோப்புச் சுவை மட்டும் என்றால் அளவு கூடிவிட்டது என்று நினைப்பேன். நாக்கு எரிந்தது என்பதால்தான் வாஷிங் சோடாவோ என்று சந்தேகம். ஆப்ப சோடா சோடியம் பைகார்பனேட், துணிக்குப் போடும் வாஷிங் சோடா சோடியம் கார்பனேட். வாஷிங் சோடாவில் காரத்தன்மை பல மடங்கு அதிகம். இரண்டும் வெள்ளைத் தூள், எலுமிச்சைச் சாறு விட்டால் இரண்டுமே நுரைக்கும், அதனால் இவற்றை வைத்து எது எது என்று சொல்ல முடியாது. எரிச்சல் இன்னும் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மீதித் தூளைப் பொட்டலத்தோடு வைத்துக்கொண்டு, 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார் சொல்லுங்கள்.

பட்டுப் புடவையை வாஷிங் சோடாவில் ஊறவைத்தேன், பளபளப்பு போய்விட்டது. பாக்கெட்டில் 'பட்டு, கம்பளிக்கு ஆகாது' என்று இருந்தது. கடைக்காரரிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

முடியாது. 'பட்டு, கம்பளிக்கு ஆகாது' என்று பாக்கெட்டில் இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வாஷிங் சோடா கட்டி விலை குறைவு, தூள் விலை அதிகம். எது லாபம்? எங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர்.

தூள்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது. கண்ணாடி மாதிரி மின்னும் அந்தக் கட்டியில் நூற்றுக்கு 63 பங்கு தண்ணீர். ஒரு கிலோவில் சோடா 370 கிராம்தான். தூள் கிலோ 80 ரூபாய், கட்டி 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டியில் ஒரு கிலோ சோடா கிடைக்க 108 ரூபாய் ஆகிறது! போர் தண்ணீர் வீட்டுக்குக் குடிபோன புதிதில் நானும் 5 கிலோ கட்டி வாங்கினேன். பையைச் சரியாகக் கட்டவில்லை. சில வாரத்தில் கட்டியெல்லாம் மாவு பூத்து உதிர்ந்தது. கெட்டுவிட்டது என்று கொட்டியும் விட்டேன். தண்ணீர்தான் வெளியேறியிருந்தது, மிஞ்சிய மாவில்தான் சோடா முழுக்க இருந்தது. பாக்கெட்டில் 'நீரற்றது' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காததற்குக் காரணம் கால்சியம். சோடா அதைச் சுண்ணாம்புத் தூளாகப் படியவைத்துவிடும். அதனால் முதலில் சோடாவைக் கரைத்துப் பத்து நிமிஷம் விடுங்கள், அப்புறம் சோப்பு. கையுறை கட்டாயம்.

அலுமினியக் குக்கரை வாஷிங் சோடாவில் கொதிக்கவைத்தால் கறை போகுமா?

வேண்டாம். அலுமினியத்தை அரித்துவிடும். எவர்சில்வருக்குப் போடலாம்.