ஏஎஃப்டி வளர்ச்சியால் ஜெர்மனியில் என் வேலையும் விசாவும் என்னாகும்?

கேள்வி: லைப்சிக் நகரில் மூன்றரை ஆண்டுகளாக ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வசிப்பு, வேலை அனுமதி) மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வும் முடித்துவிட்டேன். குடியேற்றத்தை எதிர்க்கும் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி நாடாளுமன்றத்தில் இரண்டாவது இடத்துக்கு வந்ததிலிருந்து, ஊருக்கே வந்துவிடு என்கிறார் அம்மா. கிளம்பத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். தேர்தல் முடிவால் மட்டும் உங்கள் அனுமதி ரத்தாகிவிடாது.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2021இல் 10.4 சதவீத வாக்கு வாங்கிய கட்சி, 2025 பிப்ரவரி 23 தேர்தலில் 20.8 சதவீதம் வாங்கி, 630 இடங்களில் 152ஐப் பிடித்தது. நீங்கள் இருக்கும் சாக்சனியில் அது 37 சதவீதத்தைத் தாண்டியது. அதே மாநிலத்தில்தான், லைப்சிக்கின் தென்பகுதித் தொகுதியை இடதுசாரிக் கட்சி வென்றது. அதனால் மாநிலக் கணக்கை வைத்து உங்கள் தெருவை எடைபோட வேண்டாம்.

ஏஎஃப்டியோடு கூட்டணி சேர யாரும் முன்வரவில்லை. கிறித்தவ ஜனநாயக அணியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து 328 இடங்களோடு ஆட்சி அமைத்தன. மே மாதம் கிறித்தவ ஜனநாயகக் கட்சித் தலைவர் மெர்ஸ் பிரதமரானார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. வாக்காளர்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்களோ என்ற பதற்றத்தில் பெரிய கட்சிகளே குடியேற்ற விதிகளை இறுக்குகின்றன. தேர்தலுக்கு முந்தைய மாதமே, குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெர்ஸின் தீர்மானம் ஏஎஃப்டி வாக்குகளோடு நிறைவேறியது. பிறகு 2025 அக்டோபரில், மூன்றே ஆண்டுகளில் குடியுரிமை பெறும் வழியை நாடாளுமன்றம் மூடியது. நன்றாக ஜெர்மன் பேசி, வேலையிலும் சிறந்து விளங்கியவர்களுக்கான வழி அது. அதை மூடியது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் ஐந்தாண்டு வழியில் கை வைக்கவில்லை. எனவே ஏஎஃப்டி மேடைப் பேச்சைவிட, ஆளுங்கட்சிகள் கொண்டுவரும் மசோதாக்களைப் பாருங்கள்.

சரி, இப்போது உங்கள் விஷயம். ப்ளூ கார்டில் இருப்பவர் பி1 முடித்திருந்தால், ஓய்வூதியச் சந்தாவோடு 21 மாதம் வேலை செய்தாலே நிரந்தர வசிப்பு அனுமதி கேட்கலாம். அந்தக் காலம் உங்களுக்கு எப்போதோ கடந்துவிட்டது. இந்த வாரமே விண்ணப்பியுங்கள். வெளிநாட்டினர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் இழுக்கலாம், அதற்குள் விதியும் மாறலாம். அந்த அனுமதி கையில் இருந்தால், வேலை போனாலும் பதற வேண்டியதில்லை.

குடியுரிமைக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. குடியுரிமைத் தேர்வை இப்போதே எழுதி வைக்கலாம். 33 கேள்விகளில் 17 சரியாக இருந்தால் போதும். அப்புறம் ஒன்று: 2024 ஜூனிலிருந்து ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓசிஐ அட்டை இருந்தாலும் இந்தியாவில் வாக்களிக்கவோ விவசாய நிலம் வாங்கவோ முடியாது. அம்மாவோடு உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான்.