சேலத்தில் பால்புதுமையினர் கலை விழா: இடம் முதல் ஒப்பனை அறை வரை

கேள்வி: நாங்கள் அஸ்தம்பட்டி, சூரமங்கலம், ஓமலூர் பகுதிகளைச் சேர்ந்த நண்பர்கள். திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பாளர் எனப் பலரும் எங்கள் குழுவில் இருக்கிறோம். கூத்து, நடனம், கவிதை, குறும்படம், ஓவியக் கண்காட்சி எனப் பால்புதுமையினர் கலை விழா ஒன்றை ஒரு நாள் முழுவதும் நடத்த எண்ணுகிறோம். ஏற்காட்டில் வைத்துக்கொண்டால் யார் கண்ணிலும் பட மாட்டோம் என்று சிலர் சொல்கிறார்கள். சேலத்திலேயே நடத்த வேண்டும் என்பது மற்றவர்கள் கருத்து. போலீஸ் அனுமதி வாங்க வேண்டுமா? வீட்டில் இன்னும் சொல்லாதவர்களும் வருவார்கள். அவர்களுடைய படம் வெளியே போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: முதலில் இடத்தை முடிவு செய்துவிடுவோம், ஏனென்றால் நீங்கள் கேட்ட மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். முதல் ஆண்டு விழாவைச் சேலம் நகருக்குள் நடத்துங்கள். யார் கண்ணிலும் படாமல் இருக்க மலை நல்ல இடம் என்ற எண்ணம் இயல்பாகத் தோன்றுவதுதான் என்றாலும், நடைமுறையில் அது நேர்மாறாக முடியும். ஞாயிற்றுக்கிழமையன்று சேலத்தில் ஒரு மண்டபத்துக்குள் நுழைபவரை நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர் என்றோ, துணிக் கண்காட்சிக்கு வந்தவர் என்றோ எண்ணி யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏற்காடு பேருந்து நிலையத்தில் இருபது பேர் ஒன்றாக இறங்கினால் கடைத்தெரு முழுவதும் கவனிக்கும். மேலும், அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனவர் நினைத்த நேரத்தில் இறங்கிவிட முடியாது. இரவு தங்க வேண்டியிருக்கும். தங்குவதற்கு வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். விடுதியில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ஆதாரில் இன்னும் பழைய பெயரே இருக்கும் திருநம்பி ஒருவர் அந்த வரவேற்பு மேசையின் முன் நிற்கும் ஐந்து நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். மே மாதக் கோடை விழாக் காலமாக இருந்தால் அறை வாடகையும் மலைப்பாதை நெரிசலும் சேர்ந்துகொள்ளும். ஏற்காட்டை விட்டுவிட மனம் இல்லையென்றால், விழாவுக்கு முன்பு கலைஞர்கள் மட்டும் ஒன்றுகூடி ஒத்திகை பார்க்கும் இரண்டு நாள் முகாமை அங்கே வைத்துக்கொள்ளலாம். பத்துப் பேருக்கு ஒரு தோட்ட வீடு போதும், அதன் உரிமையாளரிடமும் முன்கூட்டியே பேசிவிடலாம்.

நாளைப் பொறுத்தவரை ஆடி மாதத்தைத் தவிருங்கள். கோட்டை மாரியம்மன் கோயில் விழாவும், குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை வட்டாரத்து மாரியம்மன் விழாக்களும் அடுத்தடுத்து வருவதால், காவல் நிலையங்களுக்கு உங்கள் கடிதத்தைப் படிக்கவும் நேரம் இருக்காது. ஏப்ரல் 15, தமிழ்நாடு அரசு திருநங்கையர் நாளாகக் கடைப்பிடிக்கும் நாள். 2008-இல் திருநங்கையர் நல வாரியம் தொடங்கப்பட்டதும் அதே நாளில்தான். அந்த நாளை ஒட்டி வரும் ஞாயிறு பொருத்தமாக இருக்கும், ஆனால் சேலத்து ஏப்ரல் வெயிலுக்குக் குளிர்சாதன வசதியுள்ள அரங்கம் தேவைப்படும். காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஆறரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இரவு நிகழ்ச்சிக்கு ஒரு தனிக் களை உண்டு என்பதை நானும் அறிவேன். ஆனால் மேட்டூருக்கும் ஆத்தூருக்கும் இராசிபுரத்துக்கும் திரும்ப வேண்டியவர்கள் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பேருந்து ஏறிவிட்டால், வீட்டில் கேள்வி எழாது.

அனுமதி குறித்த அச்சம் தேவைக்கு அதிகமாகவே உங்களிடம் இருக்கிறது. இத்தகைய விழாவைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு வயது வந்தோரிடையே இசைவுடன் அமையும் உறவுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2014 ஏப்ரல் 15 அன்று, தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை திருநர் சமூகத்தினருக்கு உண்டு என்பதையும் அதே நீதிமன்றம் ஏற்றிருந்தது. இவற்றைக் காட்டிலும் உள்ளூரில் உங்களுக்கு நேரடியாக உதவக்கூடியது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு. அதன் தொடர்ச்சியாக, 2022-இல் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரையும் அவர்களுக்காகப் பணியாற்றுவோரையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்பது அதன் சாரம். பாலினம், பாலீர்ப்பு தொடர்பான மதிப்புக்குரிய சொற்களின் பட்டியலும் அதே ஆண்டு தமிழ்நாடு அரசிதழில் வெளியிடப்பட்டது. உங்கள் கடிதங்களில் அந்தச் சொற்களையே பயன்படுத்தினால், அலுவலகத்தில் எவரும் முகம் சுளிக்க இடம் இருக்காது.

மூடிய அரங்கில் நடக்கும் நிகழ்ச்சிக்கு, அரங்கம் எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறதோ அதன் ஆய்வாளருக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே எழுத்துப்பூர்வமாகத் தகவல் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கும் ஒரு நகலை அனுப்பிவிடுங்கள். முத்திரையிட்ட அந்த நகலை விழா நாளில் நுழைவாயிலில் நிற்பவர் தம் கையிலேயே வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் ரோந்து வரும் காவலருக்கு நிலையத்தில் உள்ள கோப்பைப் பற்றித் தெரிந்திருக்காது. ஊர்வலம் என்றால் கதை வேறு: அதற்குத் தனி அனுமதியும் வழித்தடமும் தேவைப்படும், பார்ப்பவர் கையில் இருக்கும் ஒவ்வொரு கைபேசியும் ஒரு கேமராவாக மாறும். சென்னையில் 2009 முதலும், மதுரையில் 2012-லும் வானவில் பேரணிகள் நடந்திருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் முதல் ஆண்டில் சேலம் அதற்கு ஆசைப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அனுமதி நியாயமின்றி மறுக்கப்பட்டால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அணுகுங்கள். ரிட் மனு தாக்கல் செய்வதாக இருந்தால், சேலம் மாவட்டம் சென்னை அமர்வின் எல்லைக்குள் வருகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு அலைய வேண்டியதில்லை.

அரங்கத்தை முன்பதிவு செய்யும்போது பலர் ‘நண்பர்கள் சந்திப்பு’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். விழாவுக்கு முதல் நாள் மேலாளருக்கு விவரம் தெரிந்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், உங்கள் தரப்பில் பேச ஒன்றும் இருக்காது. ‘பால்புதுமையினர் கலை விழா’ என்று விண்ணப்பத்தில் எழுதி, இரசீதிலும் அதே பெயரைக் கேட்டு வாங்குங்கள். அதற்காகத் தெருவைப் பார்த்து அதே பெயரில் பத்தடி ஃபிளெக்ஸ் கட்ட வேண்டும் என்பதில்லை. அரங்க உரிமையாளரிடமும் காவல் துறையிடமும் ஒளிவுமறைவு கூடாது, ஆனால் வாசலில் ‘கலை விழா’ என்ற இரண்டு சொற்களே போதும். வானவில் நிறங்களை உள்ளே மேடையில் விரும்பியபடி அள்ளி இறைத்துக்கொள்ளலாம்.

படம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது பற்றிய கேள்விதான் நீங்கள் கேட்டவற்றில் மிக முக்கியமானது. ‘அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள்’ என்ற அறிவிப்புப் பலகையால் மட்டும் பயன் இல்லை. அரங்கை இரண்டாகப் பிரியுங்கள்: மேடைக்கு இடப்பக்க இருக்கைகள் படம் எடுக்கக்கூடிய பகுதி, வலப்பக்கமும் பின்வரிசையும் முற்றிலும் படம் கூடாத பகுதி. நுழைவாயிலில் இரண்டு நிறங்களில் கழுத்துப் பட்டை கொடுங்கள். சிவப்புப் பட்டை அணிந்தவர் சட்டகத்தில் வந்தால் அந்தப் படம் அழிக்கப்பட வேண்டும் என்பதை உங்கள் புகைப்படக்காரரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். படங்களை அன்றிரவே சமூக ஊடகத்தில் ஏற்றும் ஆர்வத்தை அடக்கி, மூன்று நாள் கழித்து இருவர் சரிபார்த்த பின்னரே வெளியிடுங்கள். பத்திரிகையாளர்களை அழைப்பதாக இருந்தால் அவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். காலை தொடக்க நிகழ்ச்சியில் முகம் காட்ட இசைந்தவர்கள் மட்டும் மேடையில் இருக்கட்டும்.

நன்கொடைப் பணம் வாங்கும் இடத்திலும் இரகசியம் கசியும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஜிபே வழியாக நூறு ரூபாய் அனுப்பும்போது, உங்கள் தன்னார்வலரின் திரையில் அனுப்பியவரின் வங்கிப் பெயர் தெரியும். அனுப்பியவர் உங்களிடம் ஆரியா என்று அறிமுகமாகியிருப்பார். திரையில் வேறொரு பெயர் வரும், அதைத் தன்னார்வலர் சத்தமாக வாசித்துவிட்டால் போதும், அன்றைய நாள் அவருக்குக் கெட்டுவிடும். அதேபோல், தந்தையுடன் கூட்டுக் கணக்கு வைத்திருக்கும் கல்லூரி மாணவரின் கணக்கு அறிக்கையில் உங்கள் குழுவின் பெயர் பதிவாகும். எனவே, பணம் பெறும் கணக்கின் பெயர் பொதுவானதாக இருக்கட்டும், ரொக்கமும் வாங்குங்கள், பெயர் கேட்காமல் எண் மட்டும் அச்சிட்ட இரசீதைக் கொடுங்கள். பதினெட்டு வயது நிறையாதவர்களைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் துணையுடன் மட்டுமே அனுமதியுங்கள். இதில் இரக்கம் காட்டப் போய்ச் சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் சேலத்துக்குப் பெருநகரங்களிலிருந்து எதையும் கடன் வாங்க வேண்டிய நிலை இல்லை. ஆடியில் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையில் ஆண்கள் அம்மனாகவும் தேவியராகவும் வேடமிட்டு வண்டிகளில் வலம் வருவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டும் ஆண் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள். அரவான் களபலியையும், விராட பருவத்தில் பிருகன்னளையாக வரும் அர்ச்சுனனையும் இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கி ஆடச் சொன்னால் நல்ல கூத்து வாத்தியார் மறுக்க மாட்டார். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பெண் வேடம் கட்டுகிறவர் எல்லாம் பால்புதுமையினர் என்ற பொருளில் அறிவிப்பாளர் பேசிவிடக் கூடாது. அது அந்தக் கலைஞரின் குடும்பத்தையும் தொழிலையும் பாதிக்கும். மற்றொன்று கட்டியங்காரன். மேடையில் அந்தந்த நேரத்துக்குத் தோன்றுவதைப் பேசிச் சிரிக்க வைப்பது அவர் வேலை, அந்தச் சிரிப்பு பல வேளைகளில் பெண்மை கலந்த ஆண்களையும் திருநங்கையரையும் கேலி செய்தே வருகிறது. ஒப்பந்தம் பேசும் நாளிலேயே வாத்தியாரையும் கட்டியங்காரரையும் உட்கார வைத்து, யார் முன்னால் ஆடப்போகிறோம் என்பதைச் சொல்லுங்கள். கேலியை வேண்டாம் என்று சொல்லாமல், அதை அக்கம்பக்கத்தாரின் மீதும் கல்யாணத் தரகரின் மீதும் திருப்பிவிடச் சொல்லிப் பாருங்கள். அனுபவமுள்ளவர் அதை வெளுத்து வாங்கிவிடுவார்.

கரகாட்டக் குழுவை அழைத்தால், குறவன் குறத்தி என்ற பெயரிலான ஆட்டத்துக்கு 2023-இல் தமிழ்நாடு அரசு தடை விதித்திருப்பதால் அந்தப் பகுதி கிடையாது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பரதநாட்டியத்தில், 2019-இல் பத்மஸ்ரீ பெற்ற நர்த்தகி நடராஜ் காட்டிய வழியில் பயிலும் இளையோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரை மணி நேர மேடை ஒதுக்கலாம். காவல் துறை உதவி ஆய்வாளர் பணிக்காக நீதிமன்றம் சென்று வென்ற பிரித்திகா யாஷினி சேலத்துக்காரர் என்பதால், ஊரைப் பற்றிய ஓவிய, புகைப்படக் கண்காட்சியில் அந்த வெற்றிக்கும் ஓர் இடம் வேண்டும். திருநங்கைக் கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்திக் கைதட்டி அனுப்பிவிடும் வழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது. மற்ற கலைஞர்களுக்கு என்ன ஊதியமோ அதுவே அவர்களுக்கும். பொன்னாடைக்கு வைத்திருக்கும் தொகையையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறும்படத்தில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி, தணிக்கைச் சான்று இல்லாத படத்தைப் பொது அரங்கில் திரையிட மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு தேவை. முதல் ஆண்டில் அந்தச் சுமை வேண்டாம், சான்று பெற்ற படத்தைத் தயாரிப்பாளரின் எழுத்துப்பூர்வ இசைவுடன் திரையிடுங்கள். ஓடிடி சந்தா வைத்திருக்கிறோம் என்பதற்காக அதை மடிக்கணினியிலிருந்து அரங்கில் போட்டுக்காட்ட உரிமை வந்துவிடாது. மேடையில் திரைப்பாடல் பாடுவதற்கு, கட்டணம் வாங்காத அமெச்சூர் குழுவுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. சீட்டு விற்றால் அந்த விலக்கு போய்விடும், பிறகு இசை உரிமங்களை வழங்கும் ஐபிஆர்எஸ், பிபிஎல் அமைப்புகளின் உரிமங்களைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே நுழைவுக்குக் கட்டணம் வைக்காமல், கலைஞர் ஊதியத்துக்கான தொகையை நன்கொடையாளர்களிடம் முன்பே திரட்டுவது எளிது. வெளிநாட்டு நண்பர்கள் பணம் அனுப்ப முன்வந்தால் மறுத்துவிடுங்கள், உரிய பதிவு இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

அரங்கில் சிறு ஏற்பாடுகள் சில. கழிப்பறைகளில் ஒன்றையாவது ‘அனைவருக்கும்’ என்று எழுதி ஒட்டுங்கள். ஒப்பனை அறையைக் கூத்துக் குழுவுக்கும் நடனக் குழுவுக்கும் பிரித்துக் கொடுத்து, திருநம்பியரும் திருநங்கையரும் உடை மாற்றத் திரையிட்ட மறைவு ஒன்றைத் தனியே அமையுங்கள். தட்டுவடை செட் கடையைத் திருநங்கையர் சுய உதவிக் குழுவிடம் கொடுத்தால் வருமானம் அவர்களுக்கே போகும். வாசலில் இருவர், உள்ளே இருவர் எனப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இருக்கட்டும். எவரேனும் உறவினரைத் தேடி வந்து சத்தம் போட்டால், தேடப்படுபவரைப் பின்வாசல் வழியே வெளியே அனுப்பி, வந்தவரை வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேச ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் ஐம்பது வயதைக் கடந்தவராக இருந்தால் நல்லது, சேலத்தில் வயதுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. மன உளைச்சலில் இருப்பவர்களுக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள்.

விழா முடிந்த அன்று மாலையே, கலைஞர்களின் ஊதியத்தை உறையில் போட்டுக் கையொப்பம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வருகைக்காக வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தால் உறுப்பினர்களை நீக்கிவிட்டு அந்த வாரத்துக்குள் அதைக் கலைத்துவிடுங்கள். கைபேசி எண்கள் எழுதிய தாள் எதுவும் அரங்க மேசையில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரங்கத்தில் கொடுத்த காப்புத்தொகையைத் திரும்பப் பெறச் செல்லும்போது, அடுத்த ஆண்டின் தேதியையும் அதே மேலாளரிடம் பேசிவிட்டு வாருங்கள்.