14ஆவது திருத்தம்: ஜூலை 9-ஆ, 28-ஆ?

அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் எப்போ நிறைவேறியதுன்னு ரெண்டு புத்தகத்துல ரெண்டு தேதி பார்த்துக் குழம்பியிருக்கீங்க. ரெண்டுமே சரிதாங்க.

அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களுக்கும் குடியுரிமையை உறுதிசெய்த இந்த அமெரிக்கத் திருத்தத்துக்கு, அன்றைய 37 மாநிலங்களில் 28 இசைய வேண்டும். 1868 ஜூலை 9-இல் அந்த எண்ணிக்கை எட்டியது. சிக்கல் என்னன்னா, ஒஹையோவும் நியூ ஜெர்சியும் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றிருந்தன. அது செல்லுமான்னு தயங்கிய வெளியுறவுச் செயலர் சீவர்ட், ஜூலை 20-இல், அந்த வாபஸ் செல்லாதென்றால் திருத்தம் நிறைவேறியதுன்னு நிபந்தனையோடு சான்றளித்தார். மறுநாளே காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) 'நிறைவேறியாச்சு'ன்னு தீர்மானம் போட, 28-இல் இறுதிச் சான்று வந்தது.

உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்கள் மனமுவந்து ஒப்புதல் தரலை (டென்னசி மாநிலம் விதிவிலக்கு). ஒப்புதல் தந்தால்தான் காங்கிரசில் இடம்னு 1867-இன் மறுசீரமைப்புச் சட்டம் கையை முறுக்கியது.

தேர்வில் 'ஒப்புதல்'னு கேட்டால் 9, 'சான்றளிப்பு'ன்னா 28.